கறுத்த வெள்ளிக்காசு

டைரக்டர் ஹொராட்சியுவிடம் நல்லதாகச் சொல்ல ஒன்று இருக்கிறதென்றால், அது அவருடைய ஓவர்கோட். அதற்கு மேல் அந்த மனிதரிடம் எனக்கு எதுவும் அகப்படவில்லை. கால்தா தேசியப் பூங்காவின் காட்டையும் கரடியையும் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர். ஆபீஸ் சுவரில் பஞ்சு அடைத்த காட்டுப்பூனைத் தலையை மாட்டி வைத்திருக்கிறார். டிவிக்காரர்கள் வந்தால் அந்தத் தலைக்குக் கீழேயே நின்றுகொண்டு "இயற்கை நம் தாய்" என்பார். கண்கூட லேசாகக் கலங்கும்.

இந்த ஆள்தான் அன்று பிற்பகல் பெர்சிதாவை வேலையைவிட்டுத் துரத்தப் போகிறார்.

பெர்சிதா பூங்காவின் காவல்காரி. வெந்நீர்க் குட்டை அவள் பொறுப்பு. குட்டைக்குப் பக்கத்திலேயே பூங்கா கொடுத்த வீடு, உள்ளே கால் விளங்காத புருஷன். வேலை போனால் வீடும் போகும். ஜனவரிப் பனியில் அந்த மனிதனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கே போவாள் என்று கேட்க அந்த ஆபீஸில் ஒரு நாதி இல்லை. அவள் எங்களிடம் வந்தது அதனால்தான்.

எங்கள் என்றால், துப்பறியும் பம்ஃபில், அவருக்கு வண்டி ஓட்டும் விகா ஆகிய நான். பம்ஃபில் முன்னாள் போலீஸ்காரர். பெருத்த உடம்பு, சின்னக் கண், எந்நேரமும் அசைபோடும் வாய். பெர்சிதா கூலியாக ஒரு பன்றித்தொடையைப் புகைபோட்டுக் கொண்டுவந்து வைத்தபோது, வழக்கு என்னவென்று கேட்கும் முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு அதில் எலும்புதான் கிடைத்தது.

காலையில் குட்டைக்குப் போனோம். சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்க வேண்டிய தண்ணீர். ஆனால் ஆவி கொஞ்சமாகத்தான் எழும்பியது. கரைக்கல்லில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தண்ணீர் அதற்கு முழங்கால் அளவு கீழே கிடந்தது. ஓரத்தில் விரல் நீள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தன. உலகத்தில் இந்த ஒரு குட்டையில் மட்டும் இருக்கிற மீன். சூட்டைவிட்டு நகராது, அதனால் ஊரில் அதற்குச் சோம்பேறி என்று பெயர். இப்போது பாதி செத்து மிதந்தது. மீதியைப் பெர்சிதா பிளாஸ்டிக் வாளிகளில் அள்ளி அடுப்படியில் வைத்திருந்தாள். அடுப்புச் சூடு குறையாமல் விறகு போட்டுப் போட்டு அவள் கண் சிவந்திருந்தது.

டைரக்டர் சொல்லும் கதை சுலபமானது. பெர்சிதா குடித்துவிட்டு மதகைத் திறந்து போட்டுத் தூங்கிவிட்டாள், தண்ணீர் ஆற்றுக்கு ஓடிப்போய்விட்டது. நான் குனிந்து மதகைப் பார்த்தேன். பூட்டின்மேல் துரு, துருவின்மேல் பாசி, பாசியின்மேல் பனி. இதைத் திறந்து பல மாதம் இருக்கும். ஓவர்கோட் போட்டவர் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

"தோட்டைக் கழட்டிட்டுக் குனிம்மா" என்றாள் பெர்சிதா. "வெள்ளியா அது? இந்த ஆவி பட்டாலே கறுத்துடும். தண்ணி பட்டா கரிதான்."

அவளும் அப்படித்தான் செய்கிறாள். வீட்டின் உள்கதவு நிலையில், ஆவி எட்டாத இடத்தில், ஒரு ஆணி. வெள்ளிக் கல்யாண மோதிரம் அதில் தொங்கியது. காலையில் கழற்றி மாட்டுவாள், வேலை முடிந்ததும் போட்டுக்கொள்வாள். முப்பது வருஷமாகியும் மோதிரம் பளிச்சென்றிருந்தது. பம்ஃபில் அந்த மோதிரத்தைப் பன்றித்தொடையைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். நான் தோட்டைக் கழற்றிப் பையில் போட்டேன்.

டைரக்டர் திடீரென்று ஏன் உன்மேல் பாய்கிறார், ஏதாவது தகராறா என்று கேட்டார் பம்ஃபில். பெர்சிதா தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லை என்றாள். அந்த ஒன்றுமில்லைக்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பம்ஃபில் மேலே கேட்கவில்லை. சோம்பல் என்று நினைத்தேன்.

ஊற்று மேலே பாறையிடுக்கில் இருக்கிறது. அங்கிருந்து குட்டைக்கு வரும் வழியில்தான் எவனோ தண்ணீரை உறிஞ்சுகிறான். ஊரில் யாரைக் கேட்டாலும் ஓட்டல்கார நிக்குவின் பெயரைச் சொல்வார்கள். நிக்குவின் ஓட்டல் வாசலில் "நூறு சதவீதம் இயற்கை வெந்நீர்" என்று பலகை. உள்ளே நீச்சல்குளம். அதற்குள் தலைநகரத்து ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு, மூட்டுவலி போகிறது என்று நம்பி ஊறிக்கொண்டிருந்தார்கள். அவித்த கிழங்குகூட அதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும்.

நிக்கு எங்களைப் பார்த்ததும் வியர்த்தான். என்ன கேட்டாலும் வக்கீலைக் கேட்கணும் என்றான். குற்றவாளிக்கு இருக்க வேண்டிய எல்லா லட்சணமும் அவனிடம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிடும் போலிருந்தது.

"விகா, உன் தோட்டைக் கொடு" என்றார் பம்ஃபில்.

கொடுத்தேன். பாவி மனுஷன் அதை நீச்சல்குளத்தில் போட்டுவிட்டு, அங்கிருந்த பிஸ்கட் தட்டை நோக்கி நடந்தார். தட்டு காலியாகும்வரை திரும்பவில்லை. பிறகு, எடு என்றார். கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு தொந்திக்காரரின் காலுக்கடியில் துழாவி எடுத்தேன். என் அம்மா கொடுத்த தோடு. கடையில் வாங்கிய அன்று எப்படி மின்னியதோ அப்படியே மின்னியது.

பம்ஃபில் நிக்குவின் தோளில் கை போட்டார். "நீ திருடன் இல்லடா. வெறும் ஏமாத்துக்காரன். குழாய்த் தண்ணியக் காய்ச்சி ஊத்தி வச்சிருக்க, அப்படித்தானே?"

நிக்கு சுற்றுமுற்றும் பார்த்தான். மெதுவாகப் பேசும்படி கெஞ்சினான். ஊற்று நீர் வாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லையாம், கேஸ் பாய்லர்தானாம், கொஞ்சம் உப்புப் போடுவானாம். திருடவில்லை என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அவன் செய்த மோசடி. இப்படி ஒரு கேவலமான யோக்கியனை நான் பார்த்ததில்லை. மூட்டுவலிக்காரர்களிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு இன்னும் பிஸ்கட் இருக்கிறது என்றார் பம்ஃபில்.

அடுத்து டைரக்டர் வீட்டுக்கு விடச் சொன்னார். டைரக்டர் ஆபீஸில் இருப்பாரே என்றேன். அதனால்தான் என்றார்.

டைரக்டரின் வீடு காட்டோரம், ஆற்றைப் பார்த்து நிற்கிறது. போன இலையுதிர்காலத்தில், மேலே காட்டிலிருந்து அந்த வீடுவரை ஒரு பள்ளம் தோண்டி மூடினார்கள். கேபிள் போடுகிறோம் என்றார்கள். ஊரில் மற்ற யாருக்கும் கேபிள் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே.

வாசலில் ஷூவைக் கழற்றினோம். எந்த வீட்டுக்குப் போனாலும், குளிருக்கு உள்ளே போட, உடனே செருப்பு நீட்டுவார்கள். இங்கே டைரக்டரின் மனைவி லெட்டிசியா, செருப்பு வேண்டாம், சும்மா வாருங்கள் என்றாள். ஏன் என்று உள்ளே கால் வைத்ததும் தெரிந்தது. தரை இதமாகச் சுட்டது. கரண்டில் சூடாகும் தரை, வெளிநாட்டுச் சாமான் என்று அவள் பெருமையடித்தாள். வெளியே உறைபனி, அவள் கைவைக்காத பட்டுச் சட்டையில் நின்றாள். எனக்கு அந்தத் தரைமேல் படுத்துவிடலாம் போலிருந்தது. அவள் வாயைத் திறந்ததும் அந்த ஆசை போய்விட்டது.

பெர்சிதா என்ற பெயரை எடுத்ததுதான் தாமதம், லெட்டிசியா பொரிந்து தள்ளினாள். பேரனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாய் பெர்சிதா. மருமகள் மீரேலா இந்த ஊர்ப்பெண். அவள் வீட்டுக் குழந்தைகளுக்கு வழிவழியாகப் பெர்சிதாவின் குடும்பம்தான் ஞானப்பெற்றோர். அதை மாற்றினால் குழந்தைக்கு ஆகாது என்று டைரக்டர் வீட்டிலும் பயம். அதனால் தன் கீழே வேலை செய்யும் காவல்காரியை, பல்லைக் கடித்துக்கொண்டு, சம்பந்தி மரியாதையோடு நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டும் சடங்கு. பெண்கள் மட்டும் கூடுவது, ஆண்களுக்கு அங்கே இடமில்லை. தொட்டியில் துளசிக்கொத்து, பால், தேன், உடையாத முட்டை ஒன்று, கடைசியில் ஞானத்தாய் கையால் ஒரு வெள்ளிக்காசு. குழந்தை காசுபோலப் பிரகாசமாக வாழ வேண்டும் என்று அர்த்தம். பெர்சிதா காசைப் போட்டாள். பாட்டுப் பாடிக் குழந்தையைத் துவட்டிவிட்டு எடுத்துப் பார்த்தால், காசு கறுத்துக் கரியாகிக் கிடந்தது.

"அவ கண்ணு அப்படி" என்றாள் லெட்டிசியா. "பிள்ளை பெறாதவ. எங்க வீட்டு வசதியப் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கா. அப்பவே கையப் பிடிச்சு வெளிய விட்டேன். இதோட போச்சா? ரெண்டு நாள் கழிச்சு, இந்தப் பனியில, வாசப்படிக்குப் பக்கத்துல கொம்பு விரியன் சுருண்டு கிடக்குது. ஜனவரில எந்தப் பாம்பு முழிச்சிருக்கும்? எல்லாம் அவ ஏவினது."

பாம்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். டைரக்டரே மண்வெட்டியால் அடித்துக் கொன்றாராம். அந்த விரியனைத் தொட்டால் ஜெயில் என்று பூங்கா வாசலில் அவர் கையெழுத்துப் போட்ட பலகை தொங்குகிறது.

மூலையில் மீரேலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் மணிக்கட்டில் கண்ணேறு படாமலிருக்கச் சிவப்புக் கயிறு. ஞானத்தாயை வீட்டுக்குள் விடாதது பாவம் என்று அவள் முணுமுணுத்தாள். லெட்டிசியா ஒரு பார்வை பார்த்தாள், பெண் வாயை மூடிக்கொண்டது.

பம்ஃபில் மூன்றாவது துண்டு இனிப்பு ரொட்டியை முடித்துவிட்டு, வெகு பவ்யமாக ஒரு யோசனை சொன்னார். இது சாதாரணத் தோஷமில்லை, பாதிரியார் தாமியானைக் கூட்டிவருகிறேன், அவரிடம் பழைய வெள்ளிச் சிலுவை இருக்கிறது, அதை இந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுவோம், வெள்ளையாகவே வந்தால் வீடு சுத்தம், கறுத்தால் பரிகாரம் செய்வோம். லெட்டிசியாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மதியம் வாருங்கள், என் வீட்டுக்காரரையும் வரச் சொல்கிறேன், இப்போதே போன் பண்ணுகிறேன் என்றாள்.

"கண்டிப்பா சொல்லுங்கம்மா" என்றார் பம்ஃபில். "வெள்ளிச் சிலுவை, உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. ஒண்ணு விடாம சொல்லுங்க."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் வெடித்தேன். எனக்கும் மூளை இருக்கிறது. நிக்குவின் குளத்தில் தோடு கறுக்கவில்லை, ஏனென்றால் அது வெறும் தண்ணீர். டைரக்டர் வீட்டுத் தொட்டியில் காசு கறுத்தது, ஏனென்றால் அது ஊற்றுத் தண்ணீர். கேபிள் பள்ளத்தில் கிடப்பது கேபிளில்லை, குழாய். தரையைச் சுடவைப்பது கரண்டில்லை. அந்தச் சூட்டுக்குத்தான் பாம்பும் தூக்கம் கலைந்து வெளியே வந்திருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க அழுகிய முட்டை வாடை என்பதால், அந்த வீட்டுக்குள் தனியாக அது யார் மூக்கிலும் ஏறவில்லை. எல்லாம் சரி.

"இவ்வளவும் புரிஞ்சுக்கிட்டு, திருடன் பொண்டாட்டிகிட்டயே சோதனை பண்ண வர்றோம்னு சொல்லிட்டு வர்றீங்களே, உங்களுக்கு என்ன சார் கேடு? வாய் மட்டும்தான் வேலை செய்யுதா?"

பம்ஃபில் கோட்டுப் பையிலிருந்து நான்காவது துண்டை எடுத்தார். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

திரும்பக் குட்டைக்கு வந்தோம். காசைப் பற்றி ஏன் மறைத்தாய் என்று பம்ஃபில் கேட்டதும் பெர்சிதா அப்படியே விறகுக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னன்னு சார் சொல்வேன்? என் கையால போட்ட காசு. ஊரே பார்த்துச்சு. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி உயிரோட இருப்பேன்? மீனெல்லாம் செத்தப்பவும் அதான் நெனச்சேன். என் கண்ணுலதான் ஏதோ இருக்குன்னு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பது வருஷமாக மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறவள். வெள்ளி ஏன் கறுக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். ஆனால் குழந்தை, சடங்கு, சுற்றிலும் ஊர்ப்பெண்கள் என்று வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் ஆணியிலேயே தொங்கிவிட்டது. இவளைச் சொல்லி என்ன, அந்த அறையில் இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆள் டைரக்டர். மனைவி வந்து காசைப் பற்றிப் புலம்பியதும் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். இவளுக்கும் புரிவதற்குள் இவளை ஊரைவிட்டே கிளப்பிவிட வேண்டும் என்று மீன் சாவை அவள் தலையில் கட்டிவிட்டார். கண்ணேறுக் கதையை மனைவி இலவசமாகப் பரப்பினாள். சொந்தப் பேரனின் ஞானத்தாயை நாசமாக்க மனிதருக்குக் கை கூசவில்லை. இதையெல்லாம் அவளிடம் கொட்ட வாயைத் திறந்தேன். பம்ஃபில் என் காலை மிதித்தார். அவர் எடைக்கு அது சின்ன விஷயமில்லை.

மீன் சாவை விசாரிக்கத் தலைநகரிலிருந்து அனுப்பிய மேலதிகாரி திருமதி ஸ்தோய்க்கா அப்போது வந்து இறங்கினாள். பனியில் குதிகால் ஷூ. மீனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, இவ்வளவு சின்ன மீனுக்கா இவ்வளவு ரகளை என்றாள். இவளிடம் நியாயம் கேட்பதற்குச் செத்த மீனிடம் கேட்கலாம் என்று தோன்றியது. பம்ஃபில் மட்டும் அவளுக்கு நாற்காலி போட்டு, பெர்சிதாவைச் சூடாகக் கொஞ்சம் பிளம் சாராயம் கொண்டுவரச் சொல்லி, ஒரே ஒரு உதவி கேட்டார். விசாரணைக்குமுன் இந்தக் கரையில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மதகுப் பூட்டை அவளே பார்க்க வேண்டும். கரைக்கல்லில் இப்போதைய நீர்மட்டத்துக்கு அவள் கையாலேயே ஒரு கரிக்கோடு போட வேண்டும். மாற்றம் எதுவும் தெரிந்தால் டைரக்டர் வீட்டுக்கு ஒரு போன். சாராய வாசனைக்கு ஸ்தோய்க்கா ஒப்புக்கொண்டாள்.

பாதிரியார் தாமியானை ஏற்றிக்கொண்டு டைரக்டர் வீட்டுக்குப் போனபோது, டைரக்டரே கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாருங்கள் வாருங்கள், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பளிச் செருப்பை நீட்டினார். பம்ஃபில் வேண்டாமென்று காலுறையோடு உள்ளே போனார். நானும் போனேன். தரை சில்லென்று காலில் ஏறியது. எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. என்னைப் பற்றி நான் என்ன சொல்வது, பாட்டுப் பாடிய அந்தப் பெண்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் எல்லோரும் கூடினோம். பாதிரியார் ஜெபம் சொல்லி, சிலுவையைக் குழாய்க்கடியில் ஒரு பாத்திரத்தில் வைத்துத் தண்ணீரைத் திறந்தார். லெட்டிசியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டே இருந்தாள். மீரேலா குழந்தையைப் போர்வைக்குள் இறுக்கி அணைத்திருந்தாள். டைரக்டர் கைகட்டிக்கொண்டு, சர்க்கஸ் பார்க்க வந்தவர்போல் நின்றார். பாதிரியார் மூன்று ஜெபத்தையும் முடித்துச் சிலுவையை வெளியே எடுத்தார்.

பளபளவென்று வந்தது. ஒரு புள்ளிகூடக் கறுப்பில்லை.

டைரக்டர் சத்தமாகச் சிரித்தார். துப்பறிகிறவர் இனி கல்யாண வீடுகளில் ரொட்டி தின்னப் போகலாம், அதற்கு நல்ல ஆள் என்றார். பன்றித்தொடைக்கு விலைபோன மூளை என்றார். அது வேறு அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெர்சிதா இன்று சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், புருஷனை ஆஸ்பத்திரி வராந்தாவில் போடட்டும் என்றார். சொல்லும்போது குழந்தையின் கன்னத்தை வேறு தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்தச் சிலுவையைப் பிடுங்கி அவர் மண்டையில் போடவேண்டும் போலிருந்தது.

பம்ஃபில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தரை ஏன் சார் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றார். "காலையில சுட்டுச்சே."

கரண்ட் போய்விட்டது என்றார் டைரக்டர். பம்ஃபில் தலைக்குமேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். டைரக்டரும் பார்த்தார்.

அப்போது டெலிபோன் அடித்தது. லெட்டிசியா எடுத்துக் கேட்டுவிட்டு, குழப்பத்தோடு பம்ஃபிலிடம் நீட்டினாள். ஸ்தோய்க்காவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கரிக்கோடு முழுகிவிட்டதாம், தண்ணீர் ஒரு சாணுக்குமேல் ஏறியிருக்கிறதாம், சூடாக ஆவி பறக்கிறதாம். மதகை யாரும் தொடவில்லை, நானே சாட்சி என்று கத்தினாள். குதிகால் ஷூ நனைந்துவிட்டதாம், அதையும் சொன்னாள்.

பம்ஃபில் போனை வைத்தார். "சிலுவை கறுத்தா நீங்க மாட்டுவீங்க. அதனால ஊத்துக் குழாய் வால்வை மூடினீங்க. வால்வை மூடினா குட்டை நிறையும், அப்பவும் நீங்கதான் மாட்டுவீங்க. உங்க மனைவிகிட்ட நான் காலையில சொன்னதே, நீங்க மூடணும்னுதான்."

டைரக்டர் வாயைத் திறந்தார். மழை பெய்திருக்கும் என்றார். பனியில் மழையா என்று பாதிரியாரே கேட்டுவிட்டார். அப்புறம் முட்டைக்கு வந்தார்: தொட்டியில் முட்டை இருந்தது, முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உடையாத முட்டை எப்படிப் படும் என்று லெட்டிசியாவே திருப்பிக் கேட்டாள். அன்று ராத்திரி அதை அவருக்குத்தான் பொரித்துக் கொடுத்தாளாம். புருஷனைக் காப்பாற்றுகிறோமா கவிழ்க்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் பேசியது மீரேலா.

"மதியம் மாமா கீழறைக்குப் போயிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் தரை சில்லிட்டுச்சு. குழந்தை குளிர்ல அழுதுச்சு. ஏன் மாமான்னு கேட்டேன், வாய மூடுன்னாங்க." அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "என் பிள்ளைய ஊத்துத் தண்ணிலயா அத்தை குளிப்பாட்டினோம்? அந்த அக்காவையா வெளிய பிடிச்சுத் தள்ளினீங்க?"

கீழறையில் வால்வு இருந்தது, ஊற்றை மூடினால் ஊர்க் குழாய்த் தண்ணீர் வரும்படி. குழாயில் சணல் சுற்றி, மேலே பூங்காவின் முத்திரை போட்ட தார்ப்பாயையே போர்த்தியிருந்தார். திருட்டுக்குக்கூட அரசாங்கச் சாமான்தான். பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, ஜெபப் புத்தகத்தைச் சட்டென்று மூடினார்.

எல்லோரும் குட்டைக்குப் போனோம். டைரக்டர் ஸ்தோய்க்காவிடம் தனியாகப் பேசவேண்டும் என்று பின்னாலேயே ஓடினார். அவள் அவரை நின்று பார்க்கக்கூட இல்லை; பெர்சிதாவின் வேலை பத்திரம், இவருடையதுதான் இல்லை என்று எங்கள் முன்னாலேயே அறிவித்தாள். இந்தப் பெண்ணைக் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம்தான். பெர்சிதா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. முழங்கால்வரை தண்ணீரில் நின்று, வாளியிலிருந்து மீன்களைக் கை கையாக விட்டுக்கொண்டிருந்தாள். சூடு பட்டதும் அந்தச் சோம்பேறிகள் முதல்முறையாக ஓடின.

மீரேலா கரைக்கு வந்து குழந்தையை நீட்டினாள். பெர்சிதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வேண்டாம்மா, என் கண்ணு பட்டுடும் என்றாள். காரணமெல்லாம் அதற்குள் பம்ஃபில் அவளுக்கு விளக்கியாகிவிட்டது. புரிந்ததாகத் தலையாட்டியும் இருந்தாள். அப்படியும் கை வரவில்லை. லெட்டிசியா கரையோரம் நிறுத்திய வண்டிக்குள்ளிருந்து, என்ன சொன்னாலும் காசு கறுத்தது கறுத்ததுதானே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கடவுள் மூளை வைத்த இடத்தில் காதுத்தோடு மாட்டி அனுப்பியிருக்கிறார்.

பெர்சிதாவுக்கு அது கேட்டது. வீட்டுக்குள் போனாள். ஆணியிலிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் ஒரு சொட்டுப் படாமல் காத்த மோதிரம். லெட்டிசியாவின் வண்டி ஜன்னலுக்கு நேராகக் கரையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, அதைத் தண்ணீரில் போட்டாள். பாதிரியார் தன் சிலுவையை அங்கிக்குள் பத்திரமாகச் சொருகிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்துப் பெர்சிதா கையைவிட்டு எடுத்தாள். மோதிரம் கரியாக இருந்தது.

அவள் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள்.

"இது நான் என் புருஷனுக்காகப் போட்டிருக்கறது. இதுமேலயும் எனக்கு வயித்தெரிச்சலாம்மா? தண்ணி. வெறும் தண்ணி."

லெட்டிசியா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். பெர்சிதா கறுத்த மோதிரத்தை விரலில் மாட்டி, அந்தக் கையாலேயே குழந்தையை வாங்கிக்கொண்டாள்.